சாமி ஊரில் இல்லாத நாட்கள்

ஜனவரி 8

மூத்த பேரன் தினகரன், என் மகள் செல்வராணி பெற்றவன், சென்னையில் மெட்ரோ ரயிலில் இன்ஜினீயர். பூமிக்கு அடியில் ஓடுகிற ரயிலுக்குக் கரண்டு கொடுப்பது அவன் கையில்தான் இருக்கிறது. அவன் தங்கை ஹேமலதா மதுரையில் பல் டாக்டர். என் மேல்வரிசைப் பல் செட்டு அவள் செய்ததுதான், சீடை கடித்தாலும் அசையாது. அடுத்தது வடிவு. என் மகன் சௌந்திரபாண்டிக்கு ஒரே மகள். காட்டு விலங்குப் படிப்பில் தங்க மெடல். கறுப்பு அங்கி போட்டு, மெடலைக் கழுத்தில் தொங்கவிட்டு அவள் நிற்கிற போட்டோ எங்கள் ஹாலில் இருந்தது. இப்போது அந்த ஆணியில் பெயிண்டு கம்பெனி காலண்டர் தொங்குகிறது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வளர்த்த பிள்ளைகள் இவ்வளவு. யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

நாளை மறுநாள் பயணம். பாண்டியிடம் காசிக்கு என்று சொல்லியிருக்கிறேன். செல்வராணி தெருவிலிருந்து ஒரு கூட்டம் போகிறது, ஹரித்துவார் எல்லாம் பார்த்துவிட்டு வர இரண்டு மாதம் ஆகும் என்றேன். சரி என்றான். சாயங்காலம் பெயிண்டுக் கடையை அடைத்துவிட்டு வரும்போது தடிக் கம்பளிச் சட்டை இரண்டு, காலுறை ஆறு ஜோடி, காதை மூடுகிற குல்லா ஒன்று வாங்கி வந்தான்.

"காசிக்கு எதுக்குடா இவ்வளவு?"

"இருக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. மருமகள் போய்ச் சேர்ந்தபோது வடிவு ஒன்பதாம் வகுப்பு. இப்போது வீட்டில் நானும் அவனும்தான். இரண்டு பேருக்கு அரிசி களைந்து போடக் கை இன்னும் பழகவில்லை, தினமும் சோறு மிஞ்சுகிறது.

ஜனவரி 11

வந்து சேர்ந்தாயிற்று. இது காசி இல்லை, இமாச்சலப் பிரதேசம்.

வடிவு மூன்று வருஷத்துக்கு முன்னால், தன்னோடு வேலை பார்த்த இந்த ஊர்ப் பையன் ஹேம்ராஜை அப்பனைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து பாண்டி அவளோடு பேசுவதில்லை. அவள் போன் செய்தால் என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவான். இப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். தாயில்லாத பிள்ளைக்கு நான் வராமல் வேறு யார் வருவார்?

டெல்லி வரைக்கும் தினகரன் விமானத்தில் ஏற்றிவிட்டான். அங்கிருந்து ஹேம்ராஜ் பஸ்ஸில் கூட்டிவந்தான். கூடவே பியாஸ் என்று ஒரு ஆறு, ஜன்னலை விட்டு விலகவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மலைப் பாதை. வடிவு பழக்கிவிட்ட அரைத் தமிழில், என்னை முதுகில் தூக்கிக்கொள்கிறேன் என்றான். "எழுவத்தி மூணு வயசுல உப்பு மூட்டையா?" என்று நடந்தே ஏறினேன். நாலு இடத்தில் உட்கார்ந்தேன்.

பாண்டி இந்த ஊரைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டான். கேட்டால் என்ன செய்வது? மகள் எந்த மாதிரி இடத்தில் இருக்கிறாள், என்ன தின்கிறாள் என்று கேட்டால் நான் முழிக்கக் கூடாது. அதற்காக எழுதி வைக்கிறேன்.

மாநிலத்தின் பேருக்கே பனிமலை என்றுதான் அர்த்தமாம். தலைநகர் சிம்லா. மாவட்டம் பன்னிரண்டு. சட்லெஜ், பியாஸ், ராவி, செனாப், எல்லா ஆறும் வற்றாத ஆறு. வைகையை நினைத்துக்கொண்டேன்.

வீடு மரமும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டியது, சிமெண்டு கிடையாது. கீழே மாடு, மேலே மனுஷர். மாட்டுச் சூடு மேலே வரும் என்கிறான் ஹேம்ராஜ். சூடு வருகிறதோ இல்லையோ, வாசம் வருகிறது.

அவன் அம்மா பேர் சுக்ரி தேவி. அறுபது இருக்கும். புருஷன் இல்லை. தலையில் துணி கட்டி, கம்பளிச் சேலையை வெள்ளி ஊசியால் குத்தியிருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து பீடி குடிக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். பீடி வாசம். நான் கட்டிக்கொள்ளவில்லை, கையில் பை இருந்தது.

ஜனவரி 13

வடிவின் வேலையைப் பற்றி. பனிச்சிறுத்தை என்று ஒரு மிருகம், இந்த மாநிலத்துக்கு அடையாளம். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் புள்ளி, வால் மட்டும் உடம்பு நீளம். அது மனுஷர் கண்ணில் படாது. அதனால் பாறை இடுக்கில் கேமராவைக் கட்டிவிட்டு வருவார்கள், அது நடந்து போகும்போது தானாகப் படம் விழும். வடிவு மடியில் கம்ப்யூட்டரை வைத்துக் காட்டினாள். ஒரு படத்தில் அது வாலைத் தூக்கி முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

"உங்கப்பன் போர்வையை இழுத்துக்கிட்டுத் தூங்குற மாதிரியே இருக்கு" என்றேன்.

சிரித்தாள். அப்புறம் அடுத்த படத்துக்குப் போகாமல் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாநிலப் பறவை ஜுஜுரானா. ஒவ்வொரு பறவையும் ஒரு இறகு கொடுத்து உண்டான ராஜா என்று கதை. மரம் தேவதாரு. பூ, மலைச்சரிவில் பங்குனி சித்திரையில் பூக்கிற ஒரு ரோஸ் நிறப் பூ. 

"நம்ம ஊருக்கு என்ன மிருகம்னு தெரியுமா அப்பத்தா?"

"யானையா?"

"வரையாடு."

எழுபத்து மூன்று வயதில், தமிழ்நாட்டு மிருகம் எதுவென்று இமயமலையில் வந்து தெரிந்துகொண்டேன். மரம் பனை என்று அவள் கேட்கும் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ஜனவரி 14

இங்கே இன்றைக்கே சங்கராந்தி. நம் காலண்டரில் பொங்கல் நாளைக்குத்தான்.

இந்த ஊரில் ஒரு வழக்கம். சங்கராந்தி அன்று சாமிகள் ஊரை விட்டு மேல் உலகத்துக்குப் போய்விடுகின்றன. திரும்பிவர நாற்பது நாளுக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் ஊரில் சத்தம் கூடாது. கோயில் மணியைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டார்கள். டிவி இல்லை, பாட்டு இல்லை, கொத்து மண்வெட்டி இல்லை. கோயிலுக்குள் சாமி இருக்கிற இடத்தை, மண்ணைச் சலித்துக் குழைத்துப் பூசி மூடியிருக்கிறார்கள். சாமி திரும்புகிற அன்று அதைப் பிரித்துப் பார்ப்பார்களாம். பூ இருந்தால் நல்ல வருஷம். கரி இருந்தால் தீ விழும். முடி இருந்தால் சாவு. சுக்ரி தேவி குக்கர் விசிலைக் கழற்றி உப்பு ஜாடிக்குள் போட்டுவிட்டாள்.

"சத்தம் போடாம இருந்துருவியா அப்பத்தா?"

"நான் என்ன சந்தைக்கடையா?"

ஜனவரி 15

காலையில் முற்றத்துப் பனியைத் தள்ளி மூன்று கல் கூட்டினேன். பானை இல்லை, பித்தளைக் குண்டான்தான். மஞ்சள் கொத்துக்கும் வழியில்லை, மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசினேன். சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வர ஒன்பதரை மணி ஆனது. இந்த உயரத்தில் அரிசி லேசில் வேகாது. எங்கள் வீட்டில் மூன்று பொங்கல் பொங்கியிருக்கும், இங்கே அப்போதுதான் நுரை கட்டுகிறது.

வடக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நல்ல திசை. வயிற்றுப் பிள்ளைக்காரி பக்கத்தில் நிற்கிறாள். வாயில் கையை வைத்துக் குலவை போட்டேன். மூன்று தடவை. அந்தக் குளிரில் குலவை எதிர்மலைக்குப் போய்த் திரும்பி வந்தது, நாலைந்து பேர் சேர்ந்து போட்டமாதிரி.

ஊர் நாயெல்லாம் குரைத்தது. சரிவு முழுக்க ஜன்னல் திறந்தது. ஹேம்ராஜ் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தான்.

"அப்பத்தா, வேணாம்! வேணாம்!"

"ஏன்யா, பொங்கிருச்சுல்ல!"

வடிவு என் வாயைப் பொத்தினாள். "சத்தம் கூடாதுன்னு நேத்துத்தானே சொன்னேன்!"

"சத்தமா? குலவைடி இது. குலவையைப் போய் எவளாச்சும் சத்தம்பாளா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் வெளுத்துவிட்டது. சுக்ரி தேவி வந்து குண்டானை இறக்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள். பொங்கலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள், மேலே அரைக் கரண்டி நெய் ஊற்றி.

ஜனவரி 16

கோயிலிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நடுவில் நின்றவருக்குப் பெரிய மீசை, பச்சை வெல்வெட்டு வைத்த குல்லா. சுக்ரி தேவி வாசலிலேயே நின்று பேசினாள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தன் காலைக் காட்டினாள், இடுப்பைப் பிடித்துக் காட்டினாள். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

வடிவு அப்புறம் சொன்னாள். "தான்தான் கத்தினேன்னு சொல்லிட்டாங்க அப்பத்தா. ஐஸ்ல வழுக்கி விழுந்தேன், அலறிட்டேன்னு."

"ஏன் அப்படிச் சொல்லணும்? நான் போட்டேன்னு நானே சொல்லியிருப்பேனே."

"வெளியூர்க்காரங்க சத்தம் போட்டாங்கன்னு ஆனா, நாளைக்கு எனக்கோ பிள்ளைக்கோ ஒண்ணுன்னா, அதனாலதான்னு பேசுவாங்க. அதுக்குத்தான்."

மண்ணைப் பிரிக்கிற அன்று முதல் விளக்கு ஏற்றுவது வருஷா வருஷம் இந்த வீட்டுப் பெரிய பொம்பளைதானாம். இந்த வருஷம் அவள் கோயில் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் பரிமாறினேன். அவள் தட்டில் ரொட்டி சூடாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 19

பனி. வெளியே போகவில்லை.

ஜனவரி 22

பாண்டிக்குப் போன் போட்டேன். காசி எப்படி என்று கேட்டான். கூட்டம் அதிகம் என்றேன். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்றான். ஒத்துக்கொள்கிறது என்றேன்.

பையை ஒதுங்க வைக்கும்போது அடியில் ஒரு பொட்டலம். நாட்டு மருந்துக் கடைக் காகிதம். சுக்கு, திப்பிலி, ஓமம், சதகுப்பை, கருப்பட்டி. பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டிக் கொடுக்கிற மருந்துச் சரக்கு அத்தனையும் இருந்தது. நான் வாங்கியதாக ஞாபகம் இல்லை. வாங்கிவிட்டு மறந்திருப்பேன்.

ஜனவரி 27

சாப்பாடு. சித்து என்று ஒன்று, கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே வால்நட் பருப்பு அரைத்து வைத்து ஆவியில் அவிப்பது. கொழுக்கட்டைக்குத் தாய்மாமன் மாதிரி இருக்கிறது. மேலே நெய் ஊற்றுவார்கள். ஊற்றுவது என்றால் நம் கணக்கில் ஊற்றுவது இல்லை, சித்து நீந்த வேண்டும். தயிரில் கொண்டைக்கடலை வேகவைத்து மத்ரா. சிவப்பு அரிசி உண்டு. கல்யாணம் காட்சி என்றால் தாம் என்று விருந்து, தரையில் வரிசையாக உட்கார்ந்து இலைத்தட்டில் சாப்பிடுவார்கள். நம் பந்திதான்.

நான் ரசம் வைத்தேன். சுக்ரி தேவி டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, வாசலுக்குப் போய்ப் பீடி பற்ற வைத்தாள். இரண்டாவது பீடியை என் பக்கம் நீட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். சத்தமில்லாமல் சிரித்தாள். முன்பல் இரண்டு இல்லை. ஹேமலதாவிடம் சொல்லி ஒரு செட்டு செய்து அனுப்பலாம். எனக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. இருந்தாலும் இந்த ஊரில் யாருமே சத்தமாகப் பேசாத மாதத்தில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

ஆப்பிள் மரம் எல்லாம் மொட்டையாக நிற்கிறது. பட்டுப்போன மாதிரி. இந்தக் குளிர் பட்டால்தான் காய்க்குமாம், குளிர் குறைந்த வருஷம் காய்ப்பும் குறைவு என்கிறான் ஹேம்ராஜ்.

பிப்ரவரி 2

இடுப்பளவு பனி. பாதை தெரியவில்லை. எட்டாம் தேதி வடிவைக் கீழே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதாக ஏற்பாடு. பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன நாள் இன்னும் தள்ளி இருக்கிறது. போன் டவரும் போய்விட்டது.

பிப்ரவரி 4

காலையில் வடிவு அடுப்படிக்கு வந்து, "அப்பத்தா, பனிக்குடம் உடைஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன்" என்றாள். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவினேன்.

ஹேம்ராஜ் ஓடினான். யாரையும் கூவிக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் உள்ளங்கையால் தட்டியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள். அதில் அந்த மீசைக்காரரும் இருந்தார். நாற்காலியை இரண்டு கம்பில் கட்டி, வடிவை உட்கார வைத்து, கம்பளியால் சுற்றிக் கட்டினார்கள். முன்னால் நாலு பேர் பலகையால் பனியைத் தள்ளிக்கொண்டே போக, பின்னால் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பீரோவை மாடிக்கு ஏற்றினால் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஐலசா போடுவார்கள். இங்கே ஒரு வார்த்தை இல்லை. தோள் மாற்றும்போது மட்டும் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவர் முதுகைத் தட்டினார். வடிவு தலைத்துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நானும் கிளம்பினேன். சுக்ரி தேவி என்னை இரண்டு தோளையும் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு அவள் போனாள். வளைவு திரும்புகிறவரைக்கும் பார்த்தேன். 

மாவு காய்ந்துவிட்டது. மறுபடியும் பிசைந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். ராத்திரி போன் டவர் வரவில்லை.

பிப்ரவரி 5

காலையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டேன். சுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, இடித்து, சலித்து வைத்தேன். கருப்பட்டியை உடைத்தேன். திரும்பவும் சலித்தேன்.

மத்தியானம் ஜன்னலில் நின்றேன். கீழே வளைவில் ஒரு கறுப்புப் புள்ளி. கிட்டே வர வர சுக்ரி தேவி. தனியாக வந்தாள். அவள் முகம் தெரிகிற தூரம் இல்லை. கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்துவிட்டாள். பாதை நடுவில் நின்றாள். வலது கையை வாய்க்கு நேரே கொண்டுபோய், தலையை நிமிர்த்தி, நாக்கைச் சுழற்றினாள். மூன்று தடவை. ஒரு சத்தமும் இல்லை.

நானும் ஜன்னலிலிருந்தபடி அதே மாதிரி மூன்று தடவை போட்டேன்.

பிப்ரவரி 7

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, மூன்று கிலோ. தாயும் பிள்ளையும் நலம். ஹேம்ராஜ் வந்து சொன்னான். பாதி வழியில் மீசைக்காரர் வடிவின் வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டாராம். "கத்து மகளே, இதெல்லாம் சாமி கணக்கில் வராது" என்றாராம். அவள் கத்திய கத்தலில் பனியே சரிந்திருக்கும் என்றான்.

டவர் வந்தது. பாண்டிக்குப் போட்டேன்.

"பாண்டி, பேத்தி பொறந்திருக்கா."

கடையில் யாரோ எனாமல் கேட்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாருக்குன்னு கேளுடா."

அதையும் கேட்கவில்லை. "அங்க இன்னும் பனி கொட்டுதாம்மா?" என்றான்.

நான் எங்கே இருக்கிறேன் என்று இன்னும் சொல்லவே இல்லை.

"நின்னுருச்சு" என்றேன்.

"மருந்து கிண்டிக் குடுத்தியா?"

"நாளைக்கு வாரா. வந்ததும் குடுக்கணும்."

"கருப்பட்டி பத்துமா?"

"பத்தும்."

வைத்துவிட்டான்.

பிப்ரவரி 25

இன்று சாமி திரும்பிவிட்டது. ஊரே கோயிலில். சுக்ரி தேவி படி ஏறக் கூடாது, அதனால் கீழே பாதையில் நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். குழந்தை என் கம்பளிச் சட்டைக்குள் தூங்கியது. பாண்டி வாங்கிக் கொடுத்த சட்டை, இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும்.

மேலே மண்ணைப் பிரித்தார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. மீசைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஆப்பிள் இலை ஒன்று, காய்ந்த பூ ஒன்று. கரி இல்லை. முடி இல்லை. பூவை சுக்ரி தேவியின் கையில் வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. அந்தக் குரல் யாருடையது என்று அவருக்கு முதலிலேயே தெரியுமோ என்னவோ.

மணித் துணியை அவிழ்த்தார்கள், மேளம் தொடங்கியது. சுக்ரி தேவி என் விலாவில் இடித்து, வாய்க்கு நேரே கையைக் காட்டினாள்.

போட்டேன். என்னோடு அவளும் போட்டாள். இரண்டு பல் இல்லாததால் காற்றுத்தான் அதிகம் வந்தது. குழந்தை விழித்து அழுதது. யாரும் எங்களிடம் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லவில்லை.

மார்ச் 9

அருப்புக்கோட்டை, எங்கள் வீடு. பாண்டி மதுரை விமான நிலையத்துக்கு வந்திருந்தான். காசித் தீர்த்தம் எங்கே என்று கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தான்.

"அங்க அரிசி லேசுல வேகாதாமே?"

"வேகாது. உயரம்ல."

"அப்ப அது என்ன சாப்பிடுது?"

சித்துவைச் சொன்னேன், மத்ராவைச் சொன்னேன், நெய்யைச் சொன்னேன். நாலு ஆறும் சொன்னேன், தேவதாரு சொன்னேன். பனிச்சிறுத்தை வாலைப் போர்த்திக்கொண்டு தூங்குவதைச் சொன்னேன், யார் மாதிரி என்று சொல்லவில்லை.

"நமக்கு என்ன மிருகம்?"

"வரையாடு."

"அப்படியா." மோரை ஊற்றிக்கொண்டான். "அந்தம்மா எப்படி?"

"பீடி குடிப்பா."

"குடிச்சுட்டுப் போறாங்க."

பானையில் சோறு மிஞ்சவில்லை.

மார்ச் 10

பாண்டி கடையிலிருந்து வரும்போது கையில் காகிதம் சுற்றிய ஒரு சாமான். மேஜையில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போய்விட்டான். பிரித்துப் பார்த்தேன். கண்ணாடி போட்ட சட்டம், தேக்கு நிறம், பன்னிரண்டுக்குப் பத்து. உள்ளே வெள்ளை அட்டை மட்டும்.

"இதுல என்னடா போடப் போற?"

குழாய்ச் சத்தத்தில் காதில் விழவில்லை போல. ஹாலில் காலண்டர் இல்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தான். ஆணியைப் பிடுங்கி, பெரிய ஆணியாக அடித்திருந்தான்.

நாளைக் காலையில் வடிவிடம் போனில் சொல்ல வேண்டியது, மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். வடிவு, ஒரு போட்டோ எடு. பிள்ளை கண்ணைத் திறந்திருக்க வேண்டும். ஹேம்ராஜ் நிற்கட்டும், சம்பந்தியும் நிற்கட்டும், பீடியை மட்டும் கீழே போடச் சொல். செல்போனில் அனுப்பினால் ஆணியில் மாட்ட முடியாது. பழைய மெடல் போட்டோவும் வேண்டாம். பன்னிரண்டுக்குப் பத்து அளவில், புதுசாக ஒன்று கழுவி, உன் அப்பன் பேருக்குத் தபாலில் அனுப்பு.